ஒரே வரியில் இரண்டு பேர்

கூகுள் டாக்ஸில் ஒரு கோப்பைத் திறந்து, நீங்களும் இன்னொருவரும் சேர்ந்து எழுதியிருப்பீர்கள். அவருடைய பெயரைச் சுமந்துகொண்டு ஒரு வண்ணக் கர்சர் திரையில் நகரும். அதன் பின்னால் எழுத்துகள் தானாக முளைக்கும். அவர் திருநெல்வேலியில், நீங்கள் தாம்பரத்தில். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. உங்கள் பத்திக்கு மேலே அவர் நான்கு வரி சேர்த்தால், நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் சொல் நான்கு வரி கீழே இறங்குமே தவிர உடையாது. எழுதி முடித்தபின் இரண்டு திரைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் முற்றுப்புள்ளி வரை ஒன்றாக இருக்கும்.

இது எப்படி என்று கேட்டால் பெரும்பாலோர் கைவசம் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. நாம் அதைப் பார்க்கிறோம், அவ்வளவுதான்." பாதி சரி. நீங்கள் தட்டிய எழுத்து சர்வர் வரை போய்த் திரும்பிய பிறகுதான் திரையில் வரும் என்றால், விரலுக்கும் எழுத்துக்கும் நடுவில் ஓர் இழுவை தெரிய வேண்டும். நெட் மந்தமாக இருக்கும் நாளில் அது தாங்க முடியாததாகிவிடும். அப்படி எதுவும் தெரிவதில்லை. தட்டிய கணமே எழுத்து வந்துவிடுகிறது. அப்படியானால் உங்கள் கணினி சர்வரைக் கேட்காமலேயே எழுதிவிடுகிறது. திருநெல்வேலிக் கணினியும் அதையேதான் செய்கிறது. ஆக, ஒரே கோப்புக்குக் குறைந்தது மூன்று பிரதிகள் இருக்கின்றன. கொஞ்ச நேரத்துக்கு மூன்றும் வேறு வேறாகவும் இருக்கின்றன. பிரிந்தவை மறுபடி எப்படிச் சேர்கின்றன?

பூட்டு

இந்தச் சிக்கலுக்குப் பழைய தீர்வு பூட்டு. ஒருவர் கோப்பைத் திறந்துவிட்டால் மற்றவர்களுக்கு "படிக்க மட்டும்". அலுவலகங்களில் இன்னும் இது உண்டு. கோப்பைத் திறந்துவைத்துவிட்டு யாராவது மதிய உணவுக்குப் போய்விடுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு நகல் எடுத்துத் திருத்துவார்கள். சாயங்காலம் "அறிக்கை_இறுதி", "அறிக்கை_இறுதி_2", "அறிக்கை_கடைசி_இறுதி" என்று மூன்று கோப்புகள் இருக்கும். எது இறுதி என்பது யாருக்கும் தெரியாது.

வலை பிறந்தபோது நிலைமை இதைவிட நன்றாக இருந்தது. ஜெனிவா அருகே சேர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய முதல் உலாவியில் பக்கத்தைப் படிக்கவும் முடியும், அங்கேயே திருத்தவும் முடியும். ஆனால் அது நெக்ஸ்ட் என்ற அரிதான கணினியில் மட்டும் ஓடியது. உலகம் முழுக்கப் பரவியது 1993இல் வந்த மொசைக். அது படிப்பதற்கு மட்டுமான உலாவி. வலை அடுத்த பல ஆண்டுகளுக்கு எழுதுகிறவர் சிலர், வாசிக்கிறவர் பலர் என்றானதற்கு இந்த விபத்தும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1995இல் வார்ட் கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் தன் தளத்தின் பக்கங்களில், வருகிறவர் எவரும் திருத்தலாம் என்று ஒரு வழியைத் திறந்தார். முதல் விக்கி அதுதான். 2001இல் விக்கிப்பீடியா வந்தது, 2003இல் தமிழ் விக்கிப்பீடியா.

விக்கியில் பூட்டு கிடையாது. ஒரே கட்டுரையை இருவர் திருத்தலாம்; முதலில் சேமித்தவருக்குச் சிக்கலில்லை. இரண்டாவதாகச் சேமிப்பவருடைய திருத்தத்தை மென்பொருள் ஒட்டிப் பார்க்கும். இருவரும் வெவ்வேறு வரிகளைத் தொட்டிருந்தால் ஒட்டிவிடும். ஒரே வரியைத் தொட்டிருந்தால் "முரண்பாடு" என்று அறிவித்து, இரண்டு வடிவங்களையும் மேலும் கீழுமாகக் காட்டி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையை விரித்துவிடும். சேமிப்பு என்ற பொத்தான் இருக்கும்வரை இது போதும். பொத்தானே இல்லாமல் எழுத்துக்கு எழுத்து சேமிப்பு நடக்க வேண்டும் என்றால் ஒரு நொடிக்குப் பல முரண்பாடுகள் எழும். ஒவ்வொன்றுக்கும் மனிதரைக் கூப்பிட முடியாது.

"இப்போது" எங்கே இருக்கிறது

நொடிக்கணக்கில் துல்லியமான கடிகாரத்தை வைத்து, யார் முதலில் தட்டினார்கள் என்று பார்த்து வரிசைப்படுத்தினால் ஆகாதா? ஆகாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். ஒரு வழிப் பயணத்துக்கே 14, 15 மில்லி நொடி ஆகும். அதற்குக் கீழே எந்த நிறுவனமும் குறைக்க முடியாது. அது பரவாயில்லை, விரைவாகத் தட்டுகிறவர்கூட ஒரு நொடிக்குச் சில விசைகள்தான் தட்டுவார். உண்மையான தொல்லை செல்போன் கோபுரங்களும் மலைப்பாதைகளும். வால்பாறை ஏறும் பேருந்தில் ஒருவர் எழுதிய பத்தி கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சிக்னல் வந்த பிறகு, பத்து நிமிடம் கழித்துப் புறப்படும்.

1978இல் லெஸ்லி லாம்போர்ட் என்ற கணினி அறிஞர் ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாக்கினார். செய்தி பரிமாறிக்கொள்ளும் கணினிகளுக்கு நடுவில் பொதுவான "இப்போது" என்று ஒன்று தேவையில்லை, நம்பவும் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவர் இதை எழுதியபோது அவர் எழுதியது இவருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் அது முன், இது பின். இருவருக்குமே மற்றவர் எழுதியது தெரியாது என்றால் இரண்டும் ஒருங்கே நடந்தவை. கடிகாரம் என்ன காட்டினாலும் அப்படித்தான். பத்து நிமிடம் தள்ளித் தட்டிய எழுத்தும் இந்தக் கணக்கில் "ஒரே நேரம்" ஆகலாம்.

மழை நாளில் ஒரு சுற்றறிக்கை

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் போகலாம்.

வடகிழக்குப் பருவமழை. ஒரு பள்ளியின் சுற்றறிக்கைக் கோப்பில் அலுவலக எழுத்தர் இரண்டு சொற்களை டைப் செய்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்:

பள்ளி விடுமுறை

எண்ணிப் பாருங்கள். ப, ள், ளி என்று மூன்று, ஓர் இடைவெளி, வி, டு, மு, றை என்று நான்கு. மொத்தம் எட்டு.

பள்ளியில் இருக்கும் தலைமையாசிரியை இதைத் திறக்கிறார். தொடக்கத்தில் "நாளை" என்று சேர்த்து ஓர் இடைவெளி விடுகிறார். அவருடைய கணினி அனுப்பும் செய்தி: "0ஆவது இடத்தில் மூன்று எழுத்தைச் செருகு: நா, ளை, இடைவெளி." அதே சமயம் பேருந்தில் இருக்கும் கணக்கு ஆசிரியர் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு "இல்லை" என்று சேர்க்கிறார். அவருடைய போன் அனுப்பும் செய்தி: "8ஆவது எழுத்துக்குப் பின் நான்கு எழுத்தைச் செருகு: இடைவெளி, இ, ல், லை." இருவருக்கும் மற்றவர் எழுதியது இன்னும் தெரியாது.

செய்திகள் குறுக்கே கடந்து எதிர்த்திரைக்குப் போய்ச் சேருகின்றன. வந்ததை அப்படியே செயல்படுத்தினால் என்ன ஆகும்?

ஆசிரியரின் போனில் "பள்ளி விடுமுறை இல்லை" என்று இருக்கிறது. 0ஆவது இடத்தில் "நாளை" வந்து சேருகிறது. "நாளை பள்ளி விடுமுறை இல்லை." குறையொன்றும் இல்லை.

தலைமையாசிரியையின் திரையில் "நாளை பள்ளி விடுமுறை" என்று இருக்கிறது. அதில் 8ஆவது எழுத்து எது? நா, ளை, இடைவெளி, ப, ள், ளி, இடைவெளி, வி. அந்த "வி"க்குப் பின்னால் வந்து விழுகிறது "இல்லை". திரையில் தெரிவது:

நாளை பள்ளி வி இல்லைடுமுறை

அதே இரண்டு செய்திகள். வந்த வரிசை மட்டும் வேறு. விளைவு இரண்டு கோப்புகள். இதற்குமேல் எழுதும் ஒவ்வோர் எழுத்தும் பிளவை இன்னும் அகலமாக்கும்.

எட்டைப் பதினொன்றாக்குதல்

நிவாரணம் கூட்டல் கணக்குதான். ஆசிரியர் அனுப்பிய செய்தியோடு, தான் எந்த வடிவத்தைப் பார்த்து எழுதினேன் என்ற தகவலும் வரும். தலைமையாசிரியையின் கணினி யோசிக்கிறது: இவர் 8 என்றது "நாளை" இல்லாத கோப்பில். அதற்குப் பிறகு நான் அவருடைய இடத்துக்கு முன்னால் மூன்று எழுத்து சேர்த்துவிட்டேன். ஆகவே அவருடைய 8, எனக்கு 11. பதினொன்றாவது எழுத்து "றை". அதன் பின்னால் "இல்லை" போய் உட்காருகிறது. இரு திரையிலும் ஒரே வரி.

ஆசிரியரின் போன் இதே கேள்வியைத் தலைகீழாகக் கேட்கிறது. நான் சேர்த்தது 8க்குப் பின்னால்; அவர் சேர்ப்பது 0இல்; பின்னால் நடந்தது முன்னால் இருப்பதை நகர்த்தாது. எனவே 0 அப்படியே 0.

ஒருவர் செய்த செயலை, இடையில் மற்றவர் செய்ததற்கு ஏற்ப மாற்றி எழுதிக்கொண்டு பின் செயல்படுத்துவதால் இதைச் செயல் உருமாற்றம் என்று அழைக்கலாம். அமெரிக்காவில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரிலிருந்த எம்.சி.சி. ஆய்வு நிறுவனத்தில் எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் 1989இல் இதை முன்வைத்தார்கள். அவர்கள் செய்த குரோவ் என்ற மென்பொருளில் ஒரு குழு ஒரே குறிப்புப் பட்டியலை ஒரே நேரத்தில் எழுதலாம். வலை அப்போது பிறந்திருக்கவே இல்லை.

கணக்கு இத்தோடு முடியாது. இருவருமே ஒரே எழுத்தை அழித்தால்? "பள்ள்ளி" என்று தப்பாக இருப்பதைப் பார்த்து இருவரும் கூடுதலான "ள்" ஒன்றை அழிக்கிறார்கள். இரண்டாவது அழிப்பை உருமாற்றாமல் விட்டால் பக்கத்திலிருக்கும் அப்பாவி "ளி" போய்விடும். ஆகவே "ஏற்கெனவே அழிந்துவிட்டது, நீ ஒன்றும் செய்யாதே" என்று மாற்ற வேண்டும். இருவரும் ஒரே இடத்தில் செருகினால்? ஒருவர் புள்ளி வைக்கிறார், மற்றவர் ஆச்சரியக்குறி. எது முன் என்பது முக்கியமில்லை. எல்லாத் திரையும் ஒரே முடிவுக்கு வருவது முக்கியம். அதற்காக ஆளுக்கோர் எண் கொடுத்து, சிறிய எண்ணுக்கு முன்னிடம் என்று வைத்துக்கொள்வார்கள். நியாயமா என்று கேட்கக்கூடாது.

மூவர், நால்வர் சேர்ந்து ஆளுக்குச் சில எழுத்துகளைத் தட்டிவிட்டால், யாருடையதை யாருக்கு ஏற்ப முதலில் மாற்றுவது என்ற கேள்வி தலையைச் சுற்றவைக்கும். எல்லிஸ், கிப்ஸ் முறையிலேயே ஓட்டை இருந்தது. அதை அடைக்க வந்த முறைகள் சிலவற்றிலும், தேற்றங்களைச் சரிபார்க்கும் கணினி நிரலை ஏவிப் பார்த்தபோது 2003இல் எதிர்உதாரணங்கள் அகப்பட்டன. எழுத்துகளைச் செருகுவதும் அழிப்பதுமான இந்தச் சின்ன விஷயத்தில் வல்லுநர்களே இப்படித் தடுக்கி விழுந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

நடுவில் உட்காரும் சர்வர்

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1995இல் ஜூப்பிட்டர் என்ற அமைப்பைச் செய்தவர்கள் சிக்கலையே சின்னதாக்கினார்கள். எல்லோரும் எல்லோருடனும் பேச வேண்டாம். நடுவில் ஒரு சர்வர் இருக்கட்டும். அதற்கு வந்து சேர்ந்த வரிசையே அதிகாரபூர்வ வரிசை. அப்போது ஒவ்வொரு கணினிக்கும் எதிராளி ஒருவர்தான், சர்வர். இருபது பேர் எழுதினாலும் ஒவ்வொருவருக்கும் அது இருவர் கணக்குதான்.

2008இல் வந்த ஈதர்பேட் இதை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. ஆளுக்கொரு பின்னணி நிறம், எழுத்துக்கு எழுத்து உடனுக்குடன். கூகுள் 2009 டிசம்பரில் அதை வாங்கியது. 2010இல் கூகுள் டாக்ஸின் எடிட்டரைப் புதிதாக எழுதியபோது செயல் உருமாற்றம் அதன் அடித்தளம் ஆனது. நீங்கள் டைப் செய்யும்போது உங்கள் கணினி சில மாற்றங்களை ஒரு கட்டாகச் சர்வருக்கு அனுப்பிவிட்டு, "வந்தது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கிறது. அதற்குள் நீங்கள் தட்டுபவை திரையில் தெரிந்துகொண்டே இருக்கும், ஆனால் அடுத்த கட்டில் சேர்ந்து காத்திருக்கும். காத்திருப்பது இருக்கத்தான் செய்கிறது; உங்கள் கண்ணில் படாத இடத்துக்கு அதை நகர்த்திவிட்டார்கள்.

இடத்தை விட்டுவிட்டால்

இவ்வளவு தொல்லையும் "8ஆவது எழுத்து" என்று இடத்தைச் சொல்வதால் வந்தது. ரேஷன் கடை வரிசையில் "எட்டாவதாக நிற்கிறாரே, அவருக்குப் பின்னால் நில்" என்றால், முன்னால் மூன்று பேர் நுழைந்தவுடன் அந்தப் பேச்சு பொய்யாகிவிடும். "இந்தக் கார்டு எண் வைத்திருப்பவருக்குப் பின்னால்" என்று சொன்னால் யார் நுழைந்தாலும் கவலையில்லை.

எழுத்துகளுக்கும் அப்படி ஒரு கார்டு எண் கொடுத்துவிடலாம். எழுத்தர் தட்டிய எட்டுக்கும் எ1 முதல் எ8 வரை. தலைமையாசிரியை தட்டுவதெல்லாம் த1, த2, த3. ஆசிரியருடையது ஆ1 முதல் ஆ4 வரை. இப்போது ஆசிரியரின் செய்தி "எ8க்குப் பின் ஆ1" என்று போகும். "றை" எங்கே நகர்ந்தாலும் அது எ8தான். கூட்டல் கழித்தல் எதுவும் வேண்டாம். செய்திகள் முன்பின்னாக வந்தாலும், நடுவில் சர்வர் இல்லாமல் போனுக்குப் போன் நேராகப் போனாலும், எல்லாம் வந்து சேர்ந்த பிறகு எல்லாத் திரையும் ஒன்றாகிவிடும். பிரான்சில் நான்சி நகர ஆய்வாளர்கள் 2006இல் இந்த வழியில் ஒரு முறையைக் கொடுத்தார்கள். 2011இல் மார்க் ஷாபிரோவும் அவருடைய குழுவினரும் இந்த வகை அமைப்புகளுக்குப் பொது இலக்கணம் வகுத்தார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து சி.ஆர்.டி.டி. என்கிறார்கள்; மோதலில்லாத் தரவமைப்பு என்று வைத்துக்கொள்வோம்.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. அழித்த எழுத்தை உண்மையில் அழிக்க முடியாது. எ8ஐ நான் நீக்கிய பிறகு "எ8க்குப் பின்" என்று உங்களிடமிருந்து ஒரு செய்தி தாமதமாக வரலாமே! அதனால் நீக்கிய எழுத்தை மறைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஓர் அடையாளத்தை விட்டுவைப்பார்கள். இதை நடுகல் என்று சொல்லலாம். நெடுநாள் திருத்திய கோப்பில் வாழும் எழுத்துகளைவிட நடுகற்கள் அதிகமாகிவிடும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒட்டியிருக்கும் எண் அந்த எழுத்தைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். ஒய்ஜெஎஸ், ஆட்டோமெர்ஜ் போன்ற இன்றைய நிரல் தொகுப்புகள், ஒருவர் தொடர்ந்து தட்டிய எழுத்துகளை ஒரே துண்டாகச் சுருட்டிவைத்து இந்தப் பாரத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன. அறிவியல் மாணவர்களும் ஆய்வாளர்களும் கணக்கையும் வரைபடத்தையும் விளக்கத்தையும் ஒரே ஏட்டில் எழுதும் ஜூப்பிட்டர்லேப், பலர் சேர்ந்து எழுதும் வசதிக்கு ஒய்ஜெஎஸ்ஸைத்தான் எடுத்துக்கொண்டது. (ஜெராக்ஸின் ஜூப்பிட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

தமிழ் எழுத்து செய்யும் குறும்பு

மேலே எண்ணியபோது உங்களிடம் ஒன்றை மறைத்தேன். "பள்ளி விடுமுறை" நமக்கு எட்டு, கணினிக்குப் பதினான்கு. ஒருங்குறியில் "ளி" என்பது "ள"வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு. "ள்" என்பது "ள"வும் புள்ளியும். அப்படியானால் பள்ளி ஐந்து, விடுமுறை எட்டு, இடைவெளி ஒன்று. "நாளை"யும் இடைவெளியும் சேர்ந்து ஐந்து. கணினி உண்மையில் போட்ட கணக்கு எட்டும் மூன்றும் பதினொன்று அல்ல. 14ம் 5ம் 19.

எண்கள் மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறாததால் இதில் ஆபத்தில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கோப்பில் "பல" என்று இருக்கிறது. ஒருவர் துணைக்கால் சேர்த்துப் "பலா" ஆக்குகிறார். அதே சமயம் இன்னொருவர் "ல"வை அழிக்கிறார். அவர் திரையில் அப்போது துணைக்கால் கிடையாது, வெறும் "ல"தான். ஒன்றின் மீது ஒன்று படாத செயல்கள் என்பதால் இயந்திரம் இரண்டையும் அப்படியே ஏற்கும். "ல" போயிற்று. துணைக்கால் மட்டும் அநாதையாக நின்று, முன்னாலிருக்கும் "ப"வோடு ஒட்டிக்கொள்ளும். திரையில் தெரிவது "பா". இருவரில் ஒருவரும் எழுதாத எழுத்து.

உயிர்மெய்யை உடையாத ஒன்றாக வைத்துக்கொண்டால் இது நேராது. எழுத்து என்றால் என்ன என்பதை மென்பொருள் எழுதுகிறவர் முன்கூட்டி யோசித்திருக்க வேண்டும். எழுத்துக்கு ஒரே குறி என்ற மொழியில் வளர்ந்தவருக்கு இது தோன்றுவது கடினம்.

112 மணிக்குக் கூட்டம்

துணைக்கால் சங்கதி சின்னது. கீழே வருவது பெரியது.

அதே சுற்றறிக்கையின் அடுத்த வரி: "10 மணிக்கு ஆசிரியர் கூட்டம்." தலைமையாசிரியை அதை 11 ஆக்க நினைத்து, சைபரை அழித்து 1 போடுகிறார். கணக்கு ஆசிரியர் 12 ஆக்க நினைத்து, அதே சைபரை அழித்து 2 போடுகிறார். சைபரை இருவரும் அழித்தாலும் அழிவது ஒருமுறை. செருகிய இரண்டும் நிற்கும். "112 மணிக்கு ஆசிரியர் கூட்டம்." இரண்டு திரையிலும் அச்சு அசலாக 112. இயந்திரத்தின் பார்வையில் இது வெற்றி. அது கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்றுதான், எல்லோருக்கும் ஒரே கோப்பு. இதை ஒருமிப்பு என்பார்கள்.

112 என்றால் பரவாயில்லை, பார்த்தவுடன் சிரித்துவிட்டுத் திருத்துவோம். விடுமுறை வரியை மறுபடி பாருங்கள். தலைமையாசிரியை "நாளை" என்று சேர்த்தது, மழைக்காக ஆட்சியர் நாளை விடுமுறை அறிவித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு. ஆசிரியர் "இல்லை" என்று சேர்த்தது, அந்த அறிவிப்பு பக்கத்து மாவட்டத்துக்கு மட்டும்தான் என்று தொலைக்காட்சியில் பார்த்து. ஒருமித்து வந்த வரி: "நாளை பள்ளி விடுமுறை இல்லை." இலக்கணம் சுத்தம், எழுத்துப் பிழை கிடையாது, எந்த எச்சரிக்கையும் திரையில் வராது. ஆனால் தலைமையாசிரியை சொல்ல வந்ததற்கு நேர் எதிர். அவர் திரும்பிப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டால் அவர் பெயரிலேயே அது போகும். இரண்டு கருத்துகள் மோதியிருக்கின்றன. இரண்டு எழுத்துகள் மோதவில்லை. இயந்திரம் பார்ப்பது எழுத்தை.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய கிட், வரி வரியாகத்தான் ஒட்டும். ஒருவர் ஒரு கோப்பில் ஒரு செயற்கூறின் பெயரை மாற்றுகிறார். இன்னொருவர் வேறொரு கோப்பில் பழைய பெயரால் அதைக் கூப்பிடுகிறார். கிட் ஆட்சேபம் சொல்லாமல் இரண்டையும் இணைத்துவிடும், நிரல் ஓடாது. அதனால் இணைத்தவுடன் சோதனைகளை ஓட்டிப் பார்ப்பது அவர்களிடம் வழக்கமாகிவிட்டது. உரைநடைக்கு அப்படி ஓட்டிப் பார்க்கும் சோதனை ஒன்றும் இல்லை. வாசிக்க ஓர் ஆள் வேண்டும்.

எவ்வளவு பெரிய துண்டு

கூட்டு எழுத்துக் கருவிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நான் பார்த்தவரையில் வேகத்தைவிட முக்கியமானது, கருவி எதை உடையாத ஒரு துண்டாக வைத்துக்கொள்கிறது என்பது. டாக்ஸுக்கு அது எழுத்து. விக்கிப்பீடியாவுக்கும் கிட்டுக்கும் வரி. கூகுள் ஷீட்ஸில் ஒரு கட்டம்: இருவர் ஒரே கட்டத்தில் 11, 12 என்று போட்டால் 112 வராது, கடைசியாக வந்தது நிற்கும். முன்னவர் போட்டது சத்தமில்லாமல் போய்விடும். மதிப்பெண் பட்டியலை இருவராக நிரப்பும் ஆசிரியர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. துண்டு சின்னதாக இருந்தால் இழப்பு குறைவு, அபத்தம் அதிகம். பெரிதாக இருந்தால் தலைகீழ்.

வகுப்பறையில் இதன் விளைவு சுவாரசியமானது. எழுத்து எழுத்தாகச் சேமிக்கும் கருவியில், கட்டுரையோடு அது உருவான வரலாறும் சேர்ந்தே கிடைக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து எழுதிய செயல்திட்டத்தில் யார் எந்தப் பத்தியை எழுதினார், எந்த வாக்கியத்தைப் பலமுறை அழித்து எழுதினார், எந்தப் பக்கம் ஒரே நொடியில் முழுதாக வந்து குதித்தது என்பதெல்லாம் தெரியும். கடைசியாகச் சொன்னதைப் பிடிக்கத்தான் பலர் அந்த வரலாற்றைத் திறக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ருசியில்லை. ஒரு பிள்ளை எந்த இடத்தில் திணறியது என்பதை நோட்டுப்புத்தகம் எந்நாளும் காட்டியதில்லை, இது காட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு விசையும் பதிவாகிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் வேறெங்கோ எழுதிப் பார்த்துவிட்டு, நல்ல பிரதியை மட்டும் கொண்டுவந்து ஒட்டுவார்கள் என்பதும் உண்மை.

வேகமே இல்லாத ஒரு கூட்டு வேலையையும் சொல்ல வேண்டும். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட பழைய நூல்களை எழுத்தாக்குகிறார்கள். அங்கே துண்டு ஒரு பக்கம். திரையின் ஒரு பாதியில் நூலின் ஸ்கேன் செய்த பக்கம், மறு பாதியில் கணினி அதைப் படித்து எடுத்த எழுத்து. ரகரத்துக்குப் பதில் துணைக்கால், துணைக்காலுக்குப் பதில் ரகரம் என்று கணினி குழம்பியிருக்கும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால், பழைய வடிவ "லை", "னை"களில் இன்னும் தடுமாறும். திருத்த வரும் கல்லூரி மாணவர் முதலில் தாமே அந்தப் பழைய வடிவங்களைப் படிக்கப் பழக வேண்டியிருக்கிறது. பத்துப் பக்கம் திருத்துவதற்குள் கண் பழகிவிடும்.

பக்கத்துக்கு ஒரு நிறம் உண்டு. யாரும் பார்க்காதது சிவப்பு. ஒருவர் படித்துத் திருத்தியது மஞ்சள். இரண்டாவது ஆள் சரிபார்த்தது பச்சை. இருவர் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் தொடுவது அபூர்வம் என்பதால் எழுத்து மோதல் அநேகமாக வருவதில்லை. ஆனால் கணினி "பர" என்பதை "பா" என்று படித்து, முதல் ஆளும் அதைத் தவறவிட்டிருந்தால், பிடிக்க இருப்பது இந்த இரண்டாவது ஆள்தான். அதனால் மென்பொருளிலேயே ஒரு தடை வைத்திருக்கிறார்கள்: பக்கத்தை மஞ்சளாக்கியவருக்குப் பச்சைக்கான பொத்தான் திரையில் வராது. இன்னொருவர் வந்து, படத்தையும் எழுத்தையும் முதல் வரியிலிருந்து ஒப்பிட்டாக வேண்டும்.